முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள்

நந்திதுர்க் என்றதும் பலருக்கு ஒரு மலை நினைவுக்கு வரும். கோலார் தங்கவயல்காரர்களுக்கு அது ஒரு சுரங்கத்தின் பெயர். சுரங்கத்தைச் சுற்றி எழுந்த லைன் வீடுகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் உழைத்தார்கள். முதலில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுரங்கங்களை நடத்தின. 1956ல் மைசூர் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. 1962ல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உண்டானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன.

வேலை போனது. கையில் கொஞ்சம் பணம் வந்தது. அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு. கடனை அடைத்தவர்கள் உண்டு. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு சின்ன மனை வாங்கியவர்களும் உண்டு. மனை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். அதைத் தன் பெயரில் பதிவு செய்வதற்குப் பணம் மட்டும் போதாது. அலுவலகத்தில் “ஆகாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பலர் பத்திரத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது.

பதிவு என்றால் என்ன?

சொத்தை வாங்கினால் பத்திரம் எழுத வேண்டும். எழுதிய பத்திரத்தைச் சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அவரைச் சார்பதிவாளர் என்பார்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை, நிலத்தை விற்றால் பதிவு கட்டாயம். தானமாகக் கொடுத்தால் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பதிவு செய்தே ஆக வேண்டும். உயில் மட்டும் விலக்கு. அதைப் பதியலாம், பதியாமலும் இருக்கலாம்.

இந்தச் சட்டத்தின் பெயர் இந்தியப் பதிவுச் சட்டம். 1908ல் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. திருத்தங்கள் வந்தாலும் எலும்புக்கூடு இன்னும் அதுதான்.

இதில் பலருக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. இந்தியாவில் பதிவாவது பத்திரம். சொத்தின் உரிமை அல்ல. ஆஸ்திரேலியாவில் தென் ஆஸ்திரேலியா என்ற பகுதியில் 1858ல் வேறு ஒரு முறை வந்தது. அங்கே அரசு ஒரு புத்தகம் வைத்திருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று அரசே உறுதி சொல்லும். இங்கே அப்படி இல்லை. இவர் அவருக்கு இன்ன தேதியில் இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் இங்கே பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் அந்தச் சொத்து இருந்ததா என்பதில் தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுதான் முடிவு செய்யும்.

இதனால் வாங்குபவருக்கு ஒரு பொறுப்பு வருகிறது. பழைய பத்திரம், கத்தா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் மனையை ஒருவன் விற்றால், அந்தப் பத்திரம் பதிவானாலும் மனை வந்துவிடாது.

அதே காரணத்தால் அதிகாரிக்கும் ஓர் எல்லை வருகிறது. அவர் நீதிபதி அல்ல.

எதற்கெல்லாம் மறுக்கலாம்?

மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமான காரணங்கள் உண்டு.

சொத்து அவருடைய எல்லைக்குள் இல்லை என்றால் மறுக்கலாம். எந்த இடம், எவ்வளவு நீளம் அகலம், நாலு பக்கமும் என்ன என்று பத்திரத்தில் சரியாக எழுதவில்லை என்றால் மறுக்கலாம். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்றால் மறுக்கலாம். பத்திரம் எழுதி நாலு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால் இன்னும் நாலு மாதம் வரை அபராதத்துடன் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் மேல் போனால் கதவு மூடிவிடும்.

மொழி ஒரு காரணம். தங்கவயலில் வீட்டுக்கு வீடு தமிழ். அலுவலகத்தில் கன்னடம். அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காத, அதிகாரிக்கும் புரியாத மொழியில் பத்திரம் இருந்தால், சரியான மொழிபெயர்ப்பும் நகலும் கூட வைக்க வேண்டும். கன்னடத்திலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒருவரை விட்டு முழுவதும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். வாசித்துச் சொல்பவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது.

எழுதிக் கொடுத்தவர் அதிகாரி முன் வந்து “இது என் கையெழுத்து இல்லை” என்று சொன்னாலும் அதிகாரி மறுத்துத்தான் ஆக வேண்டும். இது தனி வகை. இதற்கு வழியும் தனி.

கர்நாடகம் 2023ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. போலிப் பத்திரம், சட்டம் தடை செய்த விற்பனை போன்றவற்றை மறுக்க அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. “போலி” என்று சொல்லி மறுத்தாலும் காரணத்தைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும்.

சில சமயம் தடங்கல் வேறு இடத்தில் இருக்கும். கர்நாடக நகரங்களில் இப்போது இ-கத்தா இல்லாமல் பதிவு நடப்பது கடினம். அதைக் கொடுப்பது நகரசபை. சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டால் இ-கத்தா வராது. எந்த அலுவலகத்தின் கதவு மூடியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வாயால் சொன்ன “ஆகாது”

நந்திதுர்க்கில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துவிட்டார். அம்மா ஒரு சின்ன மனை வாங்கியிருக்கிறார். விற்றவர் நல்லவர், கூடவே வந்திருக்கிறார். பத்திரம் சரியாக எழுதியாகிவிட்டது. முத்திரைக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. அலுவலகத்தில் உள்ளவர் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறார்.

“இது ஆகாதும்மா. எடுத்துக்கிட்டுப் போங்க.”

“ஏன் சார் ஆகாது?”

“ஆகாதுன்னா ஆகாது. அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரமும் அதே பதில். அம்மா என்ன செய்ய வேண்டும்? கத்த வேண்டியதில்லை. கெஞ்ச வேண்டியதும் இல்லை. ஒன்று கேட்டால் போதும்.

“சரிங்க சார். ஏன் ஆகாதுன்னு எழுதிக் குடுங்க.”

இது அம்மாவின் துடுக்கு அல்ல. சட்டத்தின் 71ஆம் பிரிவு. பதிவை மறுக்கும் அதிகாரி மறுப்பு உத்தரவு எழுத வேண்டும். காரணத்தை இரண்டாம் எண் புத்தகம் என்ற பதிவேட்டில் குறிக்க வேண்டும். பத்திரத்தின் மேலும் “பதிவு மறுக்கப்பட்டது” என்று எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர் மனு செய்தால் காரணத்தின் நகலைத் தாமதம் இல்லாமல், காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். சொத்து தம் எல்லைக்குள் இல்லை என்று மறுக்கும்போது மட்டும்தான் இந்தக் காரணம் எழுதும் வேலை இல்லை.

எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்? வாயால் சொன்னதை எதிர்த்து அப்பீல் போக முடியாது. எழுதிய உத்தரவை எதிர்த்துத்தான் போக முடியும். வாய்வார்த்தையில் ஆளை அலையவிடுவது சுலபம். காரணம் எழுத வேண்டும் என்றதும் பேனா கொஞ்சம் தயங்கும். சில நேரம் எழுதிக் கேட்ட அன்றே பத்திரம் பதிவாகிவிடுவதும் உண்டு.

இப்போது கர்நாடகத்தில் காவேரி என்ற கணினி முறை வந்துவிட்டது. பத்திரத்தை முதலில் கணினி வழியாக அனுப்ப வேண்டும். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். திருத்தி மறுபடி அனுப்பலாம். இது மறுப்பு உத்தரவு அல்ல. திருத்த முடியாத காரணம் சொல்லி மீண்டும் மீண்டும் திருப்பினால், ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி நேரில் கொடுக்க வேண்டும். மனுவின் இன்னொரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபால் ரசீதே சாட்சி.

முப்பது நாள்

மறுப்பு உத்தரவு வந்த பிறகு காலம் ஓடத் தொடங்கிவிடும். முப்பது நாள்தான். உத்தரவு எழுதிய தேதியிலிருந்து கணக்கு. உத்தரவைக் கையில் வாங்கிய தேதியிலிருந்து கணக்கு வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

வழி இரண்டு. “எழுதிக் கொடுத்தவர் மறுக்கிறார்” என்பதைத் தவிர வேறு எந்தக் காரணத்தால் மறுத்திருந்தாலும் 72ஆம் பிரிவின்படி ஜில்லா ரிஜிஸ்டிராரிடம் அப்பீல் செய்யலாம். நந்திதுர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் கோலார்.

எழுதிக் கொடுத்தவரே மறுத்துவிட்டால் 73ஆம் பிரிவு. அண்ணன் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். பணமும் வாங்கிக்கொள்கிறார். பிறகு யாரோ ஏதோ சொல்ல, அதிகாரி முன்னால் “நான் எழுதவே இல்லை” என்கிறார். சப்-ரிஜிஸ்டிரார் மறுத்துவிடுவார். அவருக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை. தம்பி அல்லது தங்கை ஜில்லா ரிஜிஸ்டிராரிடம் மனுப் போட வேண்டும். இது வெறும் அப்பீல் அல்ல, விசாரணை. மனுவோடு மறுப்புக் காரணத்தின் நகலை இணைக்க வேண்டும். ஜில்லா ரிஜிஸ்டிரார் சாட்சிகளைச் சம்மன் அனுப்பி அழைக்கலாம். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், பத்திரம் எழுதியவர், பணம் கைமாறியதைப் பார்த்தவர் எல்லாரையும் கேட்கலாம். செலவை யார் கட்ட வேண்டும் என்றும் சொல்லலாம்.

பதிவு செய் என்று உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கே இன்னொரு முப்பது நாள் இருக்கிறது. அந்த உத்தரவு வந்த முப்பது நாளுக்குள் பத்திரத்தைத் திரும்பவும் சப்-ரிஜிஸ்டிராரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஜெயித்ததும் போய்விடும். காலத்தில் தாக்கல் செய்தால், முதல் முறை கொண்டுபோன அன்றைக்கே பதிவானது போலக் கணக்காகும். நடுவில் நடந்த அலைச்சல் பத்திரத்தைப் பாதிக்காது.

ஜில்லா ரிஜிஸ்டிராரும் மறுத்தால்? அவருக்கு மேல் அப்பீல் இல்லை. ஆனால் கோர்ட்டு இருக்கிறது. 77ஆம் பிரிவின்படி முப்பது நாளுக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதிகாரி சட்டத்தை மீறினார் என்று உயர்நீதிமன்றத்துக்கு ரிட் மனுவும் போகலாம். எது சரி என்று வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒருவர் போன தூரம்

எதிர்த்துப் போனால் நடக்குமா? ஒரு வழக்கு இருக்கிறது.

2022ல் தமிழ்நாடு அரசு தன் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தது. விற்பவர் தமக்குச் சொத்து வந்த பழைய மூலப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கிடையாது. மோசடியைத் தடுக்க இதைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பழைய பத்திரம் தொலைந்தவர், பத்திரமே இல்லாமல் பரம்பரையாக அனுபவித்தவர் எல்லாரும் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படி மறுக்கப்பட்ட ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார். விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 7ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் அந்த விதி செல்லாது என்றார்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்றார்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்காத அதிகாரத்தை ஒரு விதியால் கொடுக்க முடியாது என்பது காரணம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அடிபட்டது விதி. மாநிலம் சட்டத்தையே முறைப்படி திருத்தினால் நிலைமை மாறும். அதனால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லி அதிகாரியிடம் சண்டைக்கு நிற்பதைவிட, இன்றைய சட்டம் என்ன என்று வக்கீலிடம் கேட்பது மேல்.

வக்கீலுக்குக் காசு?

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். முப்பது நாளில் பத்து நாள் இந்த யோசனையிலேயே போய்விடும். கடன் வாங்கலாமா, கம்மலை அடகு வைக்கலாமா என்று.

வேண்டாம். இலவச சட்ட உதவி இருக்கிறது. அது தர்மம் அல்ல, உரிமை. 1976ல் அரசியல் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஏழை என்பதால் ஒருவருக்கு நீதி கிடைக்காமல் போகக் கூடாது என்று அது சொல்கிறது. அதற்காக 1987ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது.

யாருக்குக் கிடைக்கும்? பெண்களுக்கு. இதில் வருமானக் கணக்கே இல்லை. வசதியுள்ள பெண்ணும் கேட்கலாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்கு இல்லை. குழந்தைகளுக்கு, ஊனமுற்றவர்களுக்கு, ஆலைத் தொழிலாளிகளுக்கு, காவலில் இருப்பவர்களுக்கு, பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு. மற்றவர்களுக்கு மாநில அரசு ஒரு வருமான வரம்பு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் கிடைக்கும். வருமானத்துக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும். நந்திதுர்க்கின் பழைய தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் எங்காவது ஓர் இடத்தில் வந்துவிடும்.

எங்கே போக வேண்டும்? கோர்ட்டுக்கு. தாலுகா கோர்ட்டில் தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கும். அங்குள்ள மூத்த நீதிபதியே தலைவர். மாவட்டத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அந்தப் போனுக்குக் கட்டணம் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? வாயால் சொல்லலாம். அங்கே இருப்பவர் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்வார். சட்டத் தன்னார்வலர் என்று சிலர் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களும் எழுதிக் கொடுப்பார்கள். விண்ணப்பத்துக்கு ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. முப்பது நாளில் ஏழு நாள் என்பது கொஞ்சம் இல்லை. ஆகவே உத்தரவு கைக்கு வந்த மறுநாளே போவது நல்லது. “எனக்கு முப்பது நாள்தான் இருக்கு, இந்தத் தேதியில முடியுது” என்று தேதியைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

என்ன உதவி கிடைக்கும்? வக்கீல் கிடைப்பார். அவருக்கான பணத்தைக் குழு கொடுக்கும். கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் அதில் அடங்கும். கன்னடத்தில் வந்த உத்தரவைப் படிக்க முடியாத தமிழருக்கு அந்த மொழிபெயர்ப்பு பெரிய விஷயம். கோர்ட்டு வழக்குக்கு மட்டும்தான் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி முன்னால் நடப்பதற்கும் உதவி உண்டு. ஜில்லா ரிஜிஸ்டிராரிடம் போகும் அப்பீலுக்கே வக்கீல் கேட்கலாம். ஆலோசனை மட்டும் வேண்டும் என்றாலும் கேட்கலாம்.

இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் அப்படியும் இருப்பார்கள். காசு வாங்கும் வக்கீலிலும் அப்படிச் சிலர் உண்டு. கொடுத்த வக்கீல் சரியில்லை என்றால் குழுவிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம். அவர் தனியாகப் பணம் கேட்டாலும் குழுவிடம் சொல்ல வேண்டும்.

அண்ணன் தம்பித் தகராறு என்றால் இதே குழு லோக் அதாலத்துக்கும் அனுப்பும். இருவரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டால் அதற்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு. கோர்ட்டுக் கட்டணம் கட்டியிருந்தால் திரும்ப வரும். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே நன்றாக யோசித்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரலில் தூசி படிந்து படுக்கையில் இருக்கும் பழைய தொழிலாளி தன் வீட்டை மனைவிக்கு எழுதிவைக்க நினைக்கலாம். அலுவலகத்துக்கு வர முடியவில்லை என்பது மறுக்கக் காரணம் அல்ல. தக்க காரணம் காட்டி மனுச் செய்தால் அதிகாரி வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. டாக்டர் சான்று வைக்க வேண்டும். தனிக் கட்டணம் உண்டு.

லைன் வீட்டுக்கு இது செல்லுமா?

நந்திதுர்க்கில் இதைப் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தாத்தா காலத்திலிருந்து இருக்கும் லைன் வீட்டை என் பெயரில் பதிய முடியுமா?

இங்கே மேலே சொன்ன 72, 73 எதுவும் உதவாது. காரணம் எளிது. பதிவு செய்யப் பத்திரம் வேண்டும். பத்திரத்தைச் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். லைன் வீடுகளைக் கட்டியது கம்பெனி. குடியிருந்தவர் தொழிலாளி. எத்தனை வருஷம் குடியிருந்தாலும், ஓட்டை மாற்றி, முன்னால் ஒரு அறை கட்டி, கரண்டு பில் தன் பெயரில் கட்டினாலும், எழுதிக் கொடுக்க வேண்டியவர் எழுதிக் கொடுக்காத வரை சப்-ரிஜிஸ்டிராரிடம் பதிய ஒன்றும் இல்லை. வாழும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது பழைய தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. அது சப்-ரிஜிஸ்டிராரிடம் கேட்கும் கோரிக்கை அல்ல. நிறுவனத்திடமும் அது சேர்ந்துள்ள மத்திய சுரங்க அமைச்சகத்திடமும் மாநில அரசிடமும் கேட்கும் கோரிக்கை.

இதற்கிடையில் குறுக்கு வழி காட்டுபவர்கள் வருவார்கள். முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரை போட்டு, “பவர் எழுதித் தர்றேன், வீடு உங்களுதுதான்” என்பார்கள். நோட்டரி முத்திரை பதிவு அல்ல. 2011 அக்டோபர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொன்னது. பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாலும் சொத்து கைமாறாது. பதிவான கிரயப் பத்திரம்தான் சொத்தை மாற்றும். அதுவும் விற்பவருக்கே உரிமை இல்லாத வீட்டை வாங்கினால் பணம் போனதுதான்.

அப்படியானால் லைன் வீட்டில் இருப்பவர் இன்று என்ன செய்யலாம்? காகிதங்களைக் காப்பாற்றலாம். வீடு ஒதுக்கிய கடிதம், வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, கணக்குத் தீர்த்த பேப்பர், வாடகையோ வேறு பணமோ பிடித்த ரசீது, இறந்தவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. பெயர் ஒரு காகிதத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் இப்போதே சரிசெய்யலாம். தமிழ்ப் பெயரைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதும்போது இந்தக் குழப்பம் நிறைய வரும். பிறகு பத்திரம் வரும் நாளில் ஓர் எழுத்துக்காக நிற்க வேண்டியிருக்கும்.

தன் வீட்டைப் பற்றி நிறுவனத்தின் கணக்கில் என்ன இருக்கிறது, ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது, பணம் பிடித்தார்களா என்று தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மத்திய அரசு நிறுவனம். ஆகவே அதற்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒரு தாளில் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் அதற்கான சான்றின் நகலை வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.